கஞ்சிப் புகை

வகுப்பெடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டபோதே, எதைப் பற்றி என்று கேட்டேன். "விமான எஞ்சின் வளர்ந்த வரலாறு சார், உங்க அனுபவத்தோட சேர்த்து" என்றார்கள். வரலாறு வேண்டுமென்றால் நூலகத்தில் தடித்தடியாகப் புத்தகங்கள் கிடக்கின்றன. அவற்றைப் படித்தால் எஞ்சின்கள் எல்லாம் செடி மாதிரி தாமாகவே வளர்ந்தன என்று தோன்றும். உந்துவிசை இவ்வளவு, வெப்பம் இவ்வளவு, எடை இவ்வளவு. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த எஞ்சின் தயாராக நிற்கும். நடுவில் யார் யாரிடம் கத்தினார்கள், யார் யார் பேச்சைக் கேட்கவில்லை என்று ஒரு வரி இருக்காது. எனக்குத் தெரிந்த வரலாறு அதுதான். அதனால் அதையே சொல்கிறேன்.

இன்று சொல்லப்போவது ஒரு போர்வையைப் பற்றி. அதில் போட்ட அரிசிக் கஞ்சியைப் பற்றி. அந்தக் கஞ்சியில் தங்கவேலு என்ற மனிதனின் உயிர் போய் மாட்டிக்கொண்டதைப் பற்றி. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில், பெங்களூரில். அதுவரை நம்மிடம் இருந்தவர்கள் வெளிநாட்டு எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள். அதில் கெட்டிக்காரர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் போல்ட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் என்ன என்று கேட்டுவிட்டால் போதும், சாமி குத்தம் செய்துவிட்டது போலப் பார்ப்பார்கள். "அவன் அப்படிச் சொல்லலையே" என்பார்கள். அந்த 'அவன்' யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில், நாமே சொந்தமாக ஒரு ஜெட் எஞ்சின் செய்து பார்ப்போம் என்று ஒரு சின்னக் கூட்டம் கிளம்பியது. நானும் அதில் ஒருவன்.

ஜெட் எஞ்சினின் கதையே சூட்டின் கதைதான். உள்ளே எவ்வளவு சூடாக எரிக்க முடிகிறதோ அவ்வளவு வலுவாகத் தள்ளும். முதன்முதலில் செய்தவர்களுக்கும் இதே தலைவலி, எங்களுக்கும் இதே தலைவலி: உலோகம் தாங்காது. தாங்குகிற உலோகம் ஒன்று கிடைத்துவிட்டால் புதுத் தலைமுறை பிறந்துவிட்டது என்று புத்தகக்காரர்கள் எழுதிவிடுவார்கள். அந்தச் சூடு வெளியே கசிந்து, பக்கத்திலேயே போகும் எரிபொருள் குழாயை வேகவைக்காமல் யார் பார்த்துக்கொள்வது? அதை எழுதமாட்டார்கள். எஞ்சினின் பின்பக்கம் நெருப்பு சீறி வெளியேறும் பெரிய குழாய் இருக்கிறதல்லவா, அதன் மேல் கண்ணாடி இழையில் நெய்த நாடாவைச் சுற்றுச் சுற்றாக இறுக்கிக் கட்டுவோம். போர்வை என்போம். பெயரைக் கேட்டால் குளிருக்குப் போட்டது போல இருக்கும்.

அந்த நாடா வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் திடீரென்று நின்றது. ஏன் நின்றது என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் பரிசீலனையில் இருப்பதாக வரும். கிடங்கில் நூல் மட்டும் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. எங்கள் பிரிவின் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மூளைக்காரர். பொறுமை என்ற ஒன்றை மட்டும் கடவுள் அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டார்.

"நீ ஆரணிதானே?"

"ஆமாம் சார்."

"அப்புறம் என்ன? நூலை எடுத்துட்டுப் போய் நெய்ஞ்சு எடுத்துட்டு வா."

ஆரணி என்றால் பட்டு, ஆரணிக்காரன் என்றால் தறியில் பிறந்தவன்! நான் ஆரணிக்கு வெளியே, சந்தவாசல் பக்கம். எங்கள் வீட்டில் தறியும் கிடையாது, நிலமும் கிடையாது. அப்பா அடுத்தவர் கழனியில் கூலிக்கு ஏர் ஓட்டினார். படிக்க ஆரணிக்கு வந்த பிறகுதான் தறிச் சத்தத்தையே காதால் கேட்டேன். இதை பெங்களூரில் எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்வது? எந்த அதிகாரி வீட்டுக்குப் போனாலும் அந்த அம்மா மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்டு ஒரு பட்டுப் புடவை வேண்டும் என்பார். ஊருக்குப் போனாலோ வேறு பேஜார். "ஏரோப்ளேன் ஓட்டறியாமே? எங்க வூட்டு மேல போவசொல்ல கொஞ்சம் கீழ எறக்கிக் காட்டேன்" என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போனது.

போதாக்குறைக்குத் தலைவர் ஒரு கட்டளையும் போட்டார். எதற்கு என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

ஆரணியில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர்தான். என்னோடு படித்தவனின் அண்ணன் ஏகாம்பரம். வீட்டிலேயே தறி போட்டிருந்தார். அவரும் அவர் மனைவி ஜெயாவும் மாறி மாறி வேலை செய்வார்கள். பெட்டியைத் திறந்து காட்டினேன். நூலை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தவர் உடனே கீழே போட்டார்.

"இன்னா தம்பி இது? கைல பட்டா நமநமன்னு அரிக்குது?"

"கண்ணாடி நூல்ணா. நாடா மாதிரி ஒரு சாண் அகலத்துல வேணும்."

"எதுக்கு?"

"ஒரு மெஷினுக்கு."

"இன்னா மெஷினு?"

"பெரிய மெஷின்."

அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வந்தவன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கறாராகச் சொல்லி அனுப்பிய விஷயம் ஒன்று உண்டு. நூலில் வேறு எதுவும் ஏறக்கூடாது. நெசவுத் தெருவில் விடிந்ததும் பார்த்திருப்பீர்கள், தறியில் ஏற்றப்போகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து நீவிக்கொண்டிருப்பார்கள். கஞ்சி ஏறினால்தான் நூல் பிசிறடிக்காமல் நிற்கும். ஆகவே சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணுணா. கஞ்சி போடக்கூடாது."

"சரி தம்பி."

"சுத்தமா கூடாது."

"அட, அதான் சரின்னுட்டேனே! எத்தினி வாட்டி சொல்லுவ?"

கை நிறைய நாடா வந்தது. வெள்ளை வெளேரென்று, விளிம்பு பிசகாமல், அழகாக. தலைவர் அதைத் தடவிப் பார்த்து, "பாத்தியா, வெளிநாட்டுக்காரன் என்ன பெரிய கொம்பா?" என்றார். எனக்கும் அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை முதல் ஓட்டத்தோடு போனது. எஞ்சினைத் தடித்த கான்கிரீட் அறையில் கட்டி ஓட்டுவோம். பக்கத்து அறையில் கனத்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருப்போம். சூடு ஏற ஏற, போர்வையிலிருந்து புகை கிளம்பியது. புதுப் போர்வை என்றால் முதலில் லேசாகப் புகையும்தான். இது லேசு இல்லை. அறை முழுக்க மண்டியது. எஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்தால், கல்யாண வீட்டில் சோறு அடிப்பிடித்த வாசனை.

"யாருய்யா உள்ள சமைக்கிறது?" என்று தலைவர் கத்தினார்.

தங்கவேலுதான் உள்ளே போனான். டெக்னீஷியன். ஆரணிக்குப் பக்கத்தில் பெரணமல்லூர்க்காரன். எங்கள் ஊர்ப் பேச்சை பெங்களூரில் நான் அவனிடம்தான் பேசுவேன். நாடாவைச் சுரண்டி, மூக்குக்கு நேரே வைத்து மோந்து பார்த்தான்.

"கஞ்சி சார். சத்தியமா கஞ்சி."

அவ்வளவுதான். அன்று மதியமே கேன்டீன் முழுக்கப் பரவிவிட்டது. "இன்னிக்கு உங்க எஞ்சின்ல பொங்கலா, கூழா?" என்று கணக்குப் பிரிவிலிருந்துகூட ஒருவர் எழுந்து வந்து கேட்டார். அந்த மனிதர் அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு எதற்கெடுத்தாலும் கஞ்சிதான். பம்ப் கசிந்தால் கஞ்சி. அளவுமானி தப்பாகக் காட்டினால் கஞ்சி. எல்லோருக்கும் சுலபமாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்துவிட்டால் நம் ஆட்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லவந்ததில் பாதி இதுதான்.

மீதி நூலைத் தூக்கிக்கொண்டு, தங்கவேலுவையும் கூட்டிக்கொண்டு, மறுபடி ஆரணிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள்ளே ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் செருப்பைக்கூட விடவில்லை.

"அண்ணா, கஞ்சி போட்டீங்களா?"

"இல்லியே."

கருகின நாடாவை எடுத்து அவர் முன்னால் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். ஜெயாதான் வாயைத் திறந்தார்.

"லேசா தெளிச்சோம் தம்பி. அத்த போயி கஞ்சின்னு சொல்லுவாங்களா?"

"ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னு தலையால அடிச்சிக்கினு சொன்னேனே!"

"எல்லாரும்தான் சொல்றாங்க" என்றார் ஏகாம்பரம், நிதானமாக.

பிறகுதான் விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பட்டு எடைக்கு மதிப்புப் பெறுகிற சரக்கு. கஞ்சி ஏறினால் எடையும் ஏறும், உள்ளே நூல் குறைந்திருந்தாலும் தராசில் தெரியாது. அதனால் எந்த வியாபாரி நூல் கொடுத்தாலும் கூடவே 'கஞ்சி போடாதே' என்று சொல்லித்தான் கொடுப்பான். எந்த நெசவாளரும் சரி என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு நூலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போடுவார். வியாபாரிக்கும் அது தெரியும். அவனுக்குத் தெரியும் என்று இவருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடக்கிறது. நடுவில் நான் ஒருவன் போய் அதே வாக்கியத்தைச் சொல்லி, அதை நிஜமாக எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

இதற்குமேல் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது என்று பொறுக்க முடியாமல் உடைத்தே சொன்னேன். "அண்ணா, இது ஏரோப்ளேன் எஞ்சினுக்கு. நெருப்பு மேல கட்டற துணி."

"அடப்பாவி! நெருப்பு மேலயா? அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லக்கூடாதுன்னு உத்தரவு."

"ஏரோப்ளேன்னு சொல்ல வேணாம்பா. அடுப்பு மேல போடற துணின்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

தங்கவேலு சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். உண்மையில் இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும், தலைவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் இருவர் புத்தியும் அந்த நேரத்தில் ரகசியத்தைக் காப்பாற்றுவதிலேயே இருந்தது. சரி போகட்டும், இப்போது சொல்லிவிட்டோம், வேலை ஒழுங்காக நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை! கஞ்சியே இல்லாமல் பாவை ஏற்றினார். நூல் பொலபொலவென்று பிசிறடித்தது. கால் முழம் நெய்வதற்குள் அங்கே அறுந்தது, இங்கே அறுந்தது. பறக்கிற தூசில் அவருக்குக் கழுத்தெல்லாம் தடித்துப்போய், சொறிந்துகொண்டே என்னைத் திட்டினார். நானும் பதிலுக்குப் பேசினேன். அன்று மாலைக்குள் எங்களுக்குள் பேச்சு வார்த்தையே இல்லை என்கிற நிலை.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் கைப்பழக்கத்தை மாற்றுவதற்கு நான் யார்? கஞ்சி இல்லாமல் அது துணியாகாது. கஞ்சியோடு எஞ்சினுக்கு ஆகாது. சரி, அவர் இஷ்டப்படி கஞ்சி போட்டு நெய்யட்டும், நெய்த பிறகு நாம் சுட்டு எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். வேலை செய்கிறவனின் பழக்கத்தை மாற்றுவதைவிட அந்தப் பழக்கத்துக்கு இடம் விட்டுத் திட்டம் போடுவது மேல். தபாலாபீசிலிருந்து தலைவருக்கு டிரங்க் கால் போட்டு, நம் பெரிய உலையை ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்டேன்.

"உலையில வேற பிரிவு ஆளுங்க வேலை நடக்குது. மதிப்பீட்டுக் குழு வந்துக்கிட்டு இருக்கு. அங்கேயே எதையாவது பண்ணிட்டு ஜல்தியா வா."

எதையாவது! விமான எஞ்சின் செய்கிறோம், அதற்கு எதையாவது!

ஆரணியைச் சுற்றி அரிசி ஆலைக்குப் பஞ்சமில்லை. நெல் அவிக்கிற பாய்லருக்கு உமியைக் கொட்டி எரிப்பார்கள். நல்ல சூடு. ஏகாம்பரம் கஞ்சி போட்டு நெய்து கொடுத்ததும், தங்கவேலு ஓர் ஆலைக்காரரைப் பிடித்து, கெஞ்சி, எப்படியோ சம்மதிக்க வைத்தான். அவர் பார்வையில் எங்கள் இருவருக்கும் புத்தி பிசகியிருந்தது.

"நெல்லு அவிக்கற எடத்துல துணி சுடறீங்களே, இன்னா வேண்டுதலா?" என்றார்.

தங்கவேலு நாடாவைச் சுருட்டித் தகரத் தட்டில் வைத்து உலை வாயில் தள்ளி, கம்பியால் புரட்டிப் புரட்டிச் சுட்டான். பழுப்பாகி, கறுத்து, பிறகு மறுபடி வெள்ளையாக வேண்டும். வெளிச் சுற்று வெளுத்துவிட்டது. உள் சுற்றையும் வெளியே பிரித்துப் போட்டு இன்னொரு முறை சுட வேண்டும் என்றான். சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஆலைக்காரர் வந்து கத்த ஆரம்பித்துவிட்டார். நெல் காத்துக்கொண்டிருக்கிறது, இதற்குமேல் ஒரு நிமிஷம் விடமாட்டேன் என்று தட்டை அவரே இழுத்துவிட்டார். பார்வைக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பி வருகிற வழியெல்லாம் தங்கவேலு என்னைத் தொணதொணத்துக்கொண்டே வந்தான்.

"உள் சுத்து வெந்துருக்குமா சார்?"

"வெந்துருக்கும்யா."

"இன்னும் கொஞ்ச நேரம் உட்டுருந்தா நல்லா இருந்துருக்கும் சார்."

"சரி, தூங்கு."

மதிப்பீட்டுக் குழு வந்த நாள். டெல்லியிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய பைகளைத் தூக்கிக்கொண்டு சிறிய மனிதர்கள். எங்கள் எஞ்சின் நீண்ட ஓட்டத்தை முழுசாக ஓடிக் காட்டினால்தான் திட்டம் தொடரும். நின்றால் மறுபடி எப்போது வருவார்களோ, வருவார்களோ மாட்டார்களோ. ஓட்டுகிற பொறுப்பு என்னுடையது. தலைவர் குழுவுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முழு வேகத்துக்கு ஏற்றினேன். பின்குழாயில் கூடுதல் எரிபொருளைப் பாய்ச்சி எரித்தோம். அறையே நடுங்கியது. போர்வையிலிருந்து ஒரு பொட்டுப் புகை இல்லை. தங்கவேலு என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரிய சிரித்தான். பிறகு திட்டப்படி வேகத்தைக் குறைத்துக் கீழே கொண்டுவந்தேன். எஞ்சின் அமைதியாக, குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது குழாயின் அடிவயிற்றில், போர்வை ஓரத்தில், நூல் மாதிரி வெள்ளைப் புகை எழுந்தது.

குழுவில் ஒருவர் என்ன அது என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார். அது நெசவுக் கஞ்சி" என்றார் தலைவர். சொல்லிவிட்டு ஆரணிக் கதையை ஆரம்பித்தார். வந்தவர்களுக்கு அது பிடித்துப்போனது. கஞ்சியா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தலைவர் திரும்பினார்.

"தங்கவேலு, உள்ள போய் அந்த நாடா நுனியைத் தூக்கிப் பாரு. எவ்வளவு கருகியிருக்குன்னு தெரியணும்."

அந்தக் காலத்தில் குறைந்த வேகத்தில் எஞ்சின் ஓடும்போதே ஆளை உள்ளே அனுப்புவோம். இன்றைக்கு அனுப்பினால் உங்களைப் பிடித்து உள்ளே போடுவார்கள், அதுதான் சரி. தங்கவேலுவின் முகம் தொங்கிப்போயிருந்தது. என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான்.

"நாமதான் சரியா சுடல போல சார். அந்த ஆலைக்காரன் கெடுத்துட்டான்."

காதுமூடியை மாட்டிக்கொண்டு கதவை நோக்கி விடுவிடுவென்று நடந்தான். தலைவர் உத்தரவு போட்டதற்காக மட்டும் அவன் போகவில்லை. தன் வேலையில் குறை வந்துவிட்டதே என்று வெட்கப்பட்டுப் போனான்.

இப்போது நின்று யோசித்தால் கணக்கு எளிது. கஞ்சி தீய்வதென்றால் சூடு ஏறும்போது தீய வேண்டும். உச்சச் சூட்டில் சும்மா இருந்துவிட்டு, சூடு இறங்கும்போது எந்தக் கஞ்சி தீயும்? அப்படியானால் இது வேறு ஏதோ. கூடுதல் எரிபொருளைக் கொண்டுபோகும் குழாய் அந்த ஓரத்தில்தான் போர்வைக்குள் நுழைகிறது. போர்வை எரிபொருளைக் குடித்துவிட்டு உள்ளே கனன்றுகொண்டிருந்தால், நுனியைத் தூக்குகிறவன் அதற்குக் காற்றைக் கொடுப்பான். அப்புறம் அவன் முகம் இருக்காது, ஆளும் இருக்கமாட்டான்.

இந்த யோசனை எல்லாம் எனக்கு அந்த நொடியிலேயே வந்ததா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. அந்த நொடியில் எனக்கு வந்தது கோபம்தான். கஞ்சி, கஞ்சி, கஞ்சி! எத்தனை மாதமாக இந்த ஒரு வார்த்தை! புகை என்னவென்று யாரும் ஒரு கணம் பார்க்கவில்லை. பார்க்காமலேயே பெயர் வைத்துச் சிரித்தும் முடித்துவிட்டார்கள். தங்கவேலுவே நம்பிவிட்டான், தன் கையால் சுட்டவனே நம்பிவிட்டான். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. சரி, நான் தப்பாக இருந்தால் என்ன ஆகும்? குழு கோபித்துக்கொண்டு போகும், திட்டம் போகும், எனக்கு முட்டாள் பட்டம் கிடைக்கும். அவர்கள் தப்பாக இருந்தால்?

எரிபொருளை அடைத்து எஞ்சினை நிறுத்தினேன். "போகாதே!" என்று கத்தினேன். காதுமூடி போட்டவனுக்கு என்ன கேட்கும்? நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். முதல் கதவைத் தாண்டி இரண்டாவது கதவின் கைப்பிடியில் அவன் கையை வைத்திருந்தான். சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். காலர் கிழிந்து என் கையோடு வந்தது. இரண்டு பேரும் குழுவின் கண்ணெதிரே தரையில் விழுந்தோம்.

"என்ன பண்றே நீ?" தலைவர் கத்தினார். "அது கஞ்சிப்பா! கஞ்சி!"

"இருக்கட்டும் சார். ஆறினப்புறம் பார்ப்போம்."

"ஆறினப்புறமா? இவங்களை உக்கார வச்சுக்கிட்டா? உனக்குப் பயமா இருந்தா வேற வேலைக்குப் போ."

சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது? ஒரு ஆதாரமும் இல்லை. அணைக்கிற வாயுவை உள்ளே திறந்துவிட்டேன். குழுவினர் மணியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். போகும்போது யாரும் சிரிக்கவில்லை. எஞ்சின் தொடுகிற அளவுக்கு ஆறும்வரை நானும் தலைவரும் தங்கவேலுவும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். தங்கவேலு மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டே முணுமுணுத்தான்.

"வாயால சொல்லக் கூடாதா சார்? நாலு பெரிய மனுஷங்க எதிர்ல சட்டையப் புடிச்சி இழுக்கறீங்களே. புதுச் சட்டை."

"சொன்னேன்யா. உனக்குக் கேக்கல."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்றது."

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு கோளாறுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும் என்று யாராவது சொன்னால் ஒரு முறை சந்தேகப்படுங்கள். அந்தக் காரணம் எல்லோரையும் சிரிக்க வைக்கிறது என்றால் இரண்டு முறை சந்தேகப்படுங்கள். நிறுத்துவதற்கு ஆதாரம் தேடாதீர்கள். ஓட்டுகிறவன் காட்டட்டும் ஆதாரத்தை. எங்கள் எஞ்சின் கடைசிவரை வானம் ஏறவில்லை. அதற்கு அந்த நாள்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆறியது. தலைவர் முதலில் உள்ளே போனார், நாங்கள் பின்னால் போனோம். வேறு யாரையும் தொட விடாமல் தங்கவேலுவே நாடாவைப் பிரித்தான். வெளிச் சுற்று காய்ந்து வெள்ளையாக இருந்தது. தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது சுற்றும் வெள்ளைதான். மூன்றாவதைத் தொட்டவன் கையை நிறுத்தினான். அந்தச் சுற்று ஈரமாக இருந்தது. கொத்தாகப் பிடித்துத் துணி பிழிவது போலப் பிழிந்தான். எரிபொருள் அவன் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வரை ஒழுகி, தரையில் சொட்டியது. அடியில் எரிபொருள் குழாயில் நகம் அளவு விரிசல். அதைச் சுற்றி நாடா கறுத்துக் கனன்றிருந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. நேராக வெளியே போய்விட்டார். அதன் பிறகு அவர் கஞ்சி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் நீ செய்தது சரி என்றும் சொல்லவில்லை. ஓய்வு பெறுகிற நாள்வரை சொல்லவில்லை.

தங்கவேலு அந்தத் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வெகு நேரம் கதவையே பார்த்தான், தான் கை வைத்திருந்த அந்தக் கைப்பிடியை. பிறகு நாடாவை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, கறுக்காத பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மோந்து பார்த்தான்.

"சார்" என்றான். "கஞ்சி இல்ல சார். நாம நல்லாதான் சுட்டுகீறோம்."

ஆள் சாக இருந்தான், பேசுகிற பேச்சைப் பாருங்கள். எனக்கு வந்த கோபத்தில், "அட போடா முட்டாள்!" என்று அந்தக் கான்கிரீட் அறை எதிரொலிக்கக் கத்தினேன். கத்தி முடித்ததும் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கை இன்னும் எரிபொருளில் நனைந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.